ஆபரேட்டர் ரூமிலிருந்து பார்த்த உளவாளிகள்

எங்கள் வீட்டில் யாரும் சினிமாவுக்குப் போகிறேன் என்று சொன்னதில்லை. பயாஸ்கோப்புக்குப் போகிறேன் என்றுதான் சொல்வார்கள். டர்பனில் என் வயதுக்காரர்கள் இன்றும் அந்தச் சொல்லை விடவில்லை. தென்னாப்பிரிக்காவுக்கு டிவி வந்ததே 1976 ஜனவரி 5-ஆம் தேதிதான். அதற்கு முன்னால் படம் பார்க்க வேண்டுமானால் தலைக்கு எண்ணெய் வைத்து, துவைத்த சட்டை போட்டு, பஸ் ஏறி கிரே தெரு வட்டாரத்துக்குப் போக வேண்டும். ஷா ஜஹான், அவலோன், ராஜ் என்று எங்கள் தியேட்டர்கள் அங்கேதான் இருந்தன. வெள்ளைக்காரர்களின் தியேட்டர்களும் நடந்து போகிற தூரம்தான். ஆனால் அவற்றின் வாசலைத் தாண்ட எங்களுக்கு அனுமதி இல்லை.

அம்மாவின் கடைசித் தம்பி அந்த வட்டாரத்துத் தியேட்டர் ஒன்றில் ஆபரேட்டருக்கு உதவியாளராக இருந்தார். பகலில் தையல் ஃபாக்டரியில் வேலை, சாயங்காலமும் சனிக்கிழமையும் பயாஸ்கோப். எனக்கு உளவுப் படங்களைக் காட்டியவர் அந்த மாமாதான். பல படங்களுக்கு 16 வயது ஆகாதவர்களை உள்ளே விடமாட்டார்கள். எனக்கு அப்போது 11, 12 வயது. மாமா என்னைப் பின்பக்கத்து இரும்புப் படிக்கட்டு வழியாக மேலே கூட்டிப்போய், ஆபரேட்டர் ரூமில் ஒரு படப் பெட்டிமேல் உட்கார வைப்பார். "கையை மடியில வெச்சுக்க. எதையும் தொடாதே. பாரு, அவ்வளவுதான்." சுவரில் இருந்த சின்னச் சதுர ஓட்டை வழியாகத்தான் நான் உலகத்தைப் பார்த்தேன்.

அந்த அறையின் சூடு இப்போதும் நினைவில் இருக்கிறது. விளக்கு என்றால் பல்பு இல்லை. இரண்டு கார்பன் குச்சிகளுக்கு நடுவே எரியும் வெளிச்சம். குச்சி எரிய எரியக் குறையும், ஆபரேட்டர் அதை நகர்த்திக்கொண்டே இருக்க வேண்டும், விட்டால் திரை மஞ்சளாகிவிடும். இரண்டு புரொஜெக்டர்கள். ஒரு ரீல் 20 நிமிடத்துக்குக் கொஞ்சம் கூட ஓடும், முடிவதற்குள் அடுத்த மிஷின் தயாராக இருக்க வேண்டும். படத்தின் வலது மேல் மூலையில் ஒரு புள்ளி வந்து மறையும். அது முதல் புள்ளி, மோட்டாரைப் போட வேண்டும். ஏழெட்டு விநாடி கழித்து இன்னொரு புள்ளி. அந்த நொடியில் மாற்ற வேண்டும். கீழே உட்கார்ந்திருக்கிற நூற்றுக்கணக்கானவர்களில் ஒருத்தருக்கும் இது தெரியக் கூடாது. நான் கதையைப் பார்த்துக்கொண்டிருப்பேன், மாமா மூலையைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

சரி, படங்களுக்கு வருகிறேன். 1962-ல் முதல் ஜேம்ஸ் பாண்ட் படம் வந்தது. 1964-க்குள் அந்தப் பெயர் உலகம் முழுக்கப் பரவிவிட்டது. அதற்கப்புறம் இத்தாலி, பிரான்ஸ், ஸ்பெயின், மேற்கு ஜெர்மனி நாட்டுத் தயாரிப்பாளர்கள் கூட்டுச் சேர்ந்து, குறைந்த செலவில் உளவுப் படங்களை வரிசையாக எடுத்துத் தள்ளினார்கள். ஒவ்வொரு நாடும் கொஞ்சம் பணம் போடும், தன் பங்குக்கு ஒரு நடிகரையோ நடிகையையோ அனுப்பும். கதாநாயகன் பெரும்பாலும் அமெரிக்காவிலிருந்து வந்த கட்டுமஸ்தான ஆள். கென் கிளார்க் அப்படி ஒருவர். ஏஜென்ட் 077 என்று நடித்தார். இயக்குநர் பெயர் டெரன்ஸ் ஹாத்தவே என்று ஆங்கிலேயர் மாதிரி இருக்கும்; அந்தப் பெயருக்குப் பின்னால் இருந்தவர் செர்ஜியோ கிரேகோ என்ற இத்தாலியர். டோனி கெண்டல் என்று எங்களுக்குத் தெரிந்த நடிகரின் சொந்தப் பெயர் லுச்சானோ ஸ்டெல்லா. அவரும் பிராட் ஹாரிஸும் சேர்ந்து நடித்த கமிஷனர் எக்ஸ் வரிசையில் 1966-ல் வந்த ஒரு படத்தைச் சிலோனிலேயே எடுத்தார்கள். இரண்டு ஐரோப்பிய உளவாளிகள் தென்னை மரங்களுக்கு நடுவே ஓடுவதைப் பார்த்தால் எங்கள் நேட்டால் கரையோரம் மாதிரியே இருக்கும்.

இந்தப் படங்களை நான் நேசித்ததற்கு முதல் காரணம், அவை எப்படிச் செய்யப்பட்டன என்பது கண்ணுக்குத் தெரிந்தது. பெரிய படத்தில் பணம் எல்லாவற்றையும் மூடிவிடும். சின்னப் படத்தில் தையல் வெளியே தெரியும். தையல் ஃபாக்டரியில் வேலை செய்த மாமாவுக்கு அது உடனே கண்ணில் படும். "அந்த ப்ளேன் பாரு. மேலே போகும்போது ஒரு ப்ளேன், இறங்கும்போது வேற ப்ளேன்." பழைய செய்திப் படத்திலிருந்து வெட்டி ஒட்டிய விமானம் அது. நிறமும் கொஞ்சம் வேறாக இருக்கும். அமெரிக்க நடிகர் ஜார்ஜ் நேடரை வைத்து ஜெர்மனியில் எடுத்த ஜெர்ரி காட்டன் படங்களில், கார் நின்ற இடத்தில் நிற்க, நியூயார்க் தெரு பின்னால் திரையில் ஓடும். ஒருமுறை அதைக் கண்டுபிடித்துவிட்டால் அப்புறம் ஒவ்வொரு கார்க் காட்சியிலும் கண் ஜன்னலுக்குத்தான் போகும். அதனால் படம் எனக்குக் கெட்டுப்போகவில்லை. இதைக்கூட மனிதர்கள் கையால்தான் செய்கிறார்கள் என்று அப்போது புரிந்தது. அந்த வயதில் அது எனக்கு மிகப் பெரிய செய்தி.

உதடு ஒரு பக்கம், பேச்சு ஒரு பக்கம். இத்தாலியில் அந்தக் காலத்தில் பெரும்பாலும் படப்பிடிப்பில் குரலைப் பதிவு செய்யவே மாட்டார்கள். ஒரே காட்சியில் ஒருவர் இத்தாலிய மொழியில் பேசுவார், எதிரே நிற்பவர் ஆங்கிலத்திலோ ஜெர்மனிலோ பதில் சொல்வார். எல்லாம் பிறகு ஸ்டுடியோவில் ஒன்றாகும். ஆபரேட்டர் ரூமில் மிஷின் சத்தத்தில் எனக்கு வசனம் பாதிதான் கேட்கும், ஆகையால் அது ஒரு குறையாகவே தெரியவில்லை. "இந்தப் படத்துல பொடி விழுது" என்று மாமா சொல்வார். படம் மணல் மணலாகத் தெரிவதைத்தான் அப்படிச் சொல்வார். காரணம் பல வருடம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. டெக்னிஸ்கோப் என்ற முறை 1960 வாக்கில் இத்தாலியில் வந்தது. வழக்கமாக ஒரு ஃபிரேமுக்கு, ஃபிலிமின் ஓரத்தில் வரிசையாக இருக்கிற ஓட்டைகளில் நான்கு ஓட்டை உயரத்துக்கு ஃபிலிம் செலவாகும். இதில் இரண்டே ஓட்டை. ஃபிலிம் செலவு பாதி. அந்தச் சின்ன ஃபிரேமைப் பெரிதாக்கித்தான் அகலத் திரைக்குப் பிரதி எடுப்பார்கள், அதனால்தான் பொடி. மாமாவுக்கு டெக்னிஸ்கோப் என்ற பெயர் தெரியாது. கண் மட்டும் சரியாகச் சொன்னது.

அந்தோணி டாசன் என்ற பெயரில் படம் எடுத்த அந்தோனியோ மார்கரீத்தி சின்ன மாடல்கள் செய்வதில் பெரிய கைகாரர். அவர் எடுத்த லைட்னிங் போல்ட் படத்தில் வில்லன் ஒரு பீர் முதலாளி. கடலுக்கு அடியில் ஒரு நகரமே வைத்திருப்பான், அங்கிருந்துகொண்டு அமெரிக்க ராக்கெட்டுகளை விழ வைப்பான். ராக்கெட் வெடிப்பதும் கடலடி நகரம் உடைவதும் மேஜைமேல் வைத்துச் செய்கிற அளவு வேலைதான். நான் அதைப் பார்த்துவிட்டு வந்து, தீப்பெட்டியும் காலி பேபி பவுடர் டப்பாவும் வைத்துக் குழாயடியில் ஒரு கடலடி நகரம் கட்டினேன். ஆயா வந்து பார்த்தாள். "இது என்னடா, கோயில் தேரா?" என்று கேட்டாள்.

தமிழ்ப் படம் என்றால் கதை வேறு. அதற்கு ஆபரேட்டர் ரூம் கிடையாது. அம்மா, ஆயா, பெரியம்மா எல்லாருடனும் கீழே உட்கார்ந்து பார்க்க வேண்டும். 1946-லேயே இந்தியா தென்னாப்பிரிக்காவோடு வியாபாரத்தை நிறுத்திவிட்டது. அப்படியும் படங்கள் வந்துசேர்ந்தன. எங்கள் வீட்டுப் பெண்களுக்குப் பக்திப் படமும் குடும்பப் படமும்தான் பிடிக்கும். ஆனால் 1966-க்குப் பிறகு ஜெய்சங்கர் வந்தார். அதற்கு முந்தைய வருடம்தான் அவர் சினிமாவுக்கே வந்திருந்தார். சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் எடுத்த "வல்லவன் ஒருவன்" அவரைத் தமிழ்நாட்டின் ஜேம்ஸ் பாண்ட் ஆக்கியது. டி.ஆர். சுந்தரம் 1935-ல் ஆரம்பித்த ஸ்டுடியோ அது. ஏற்காடு போகிற சாலையில் ஒரே வளாகத்துக்குள் எல்லாவற்றையும் வைத்துக்கொண்டு, குறித்த நாளில் குறித்த செலவில் படத்தை முடிக்கிற இடம் என்று பெயர் வாங்கியது. வேதாவின் இசை வந்ததும் எங்கள் வரிசையில் இருந்த அண்ணன்மார் நிமிர்ந்து உட்காருவார்கள். பல மெட்டுகள் இந்தியில் ஏற்கெனவே கேட்டவை. இங்கே இந்தி ரெக்கார்டு இல்லாத வீடு குறைவு, அதனால் எந்த மெட்டு எங்கிருந்து வந்தது என்று உடனே சொல்லிவிடுவோம். எல்.ஆர். ஈஸ்வரியின் குரலில் கேட்கும்போது அது எங்களுடையதாகிவிடும்.

அந்தப் படங்கள் எனக்கு என்ன கொடுத்தன என்று கேட்டால், தமிழ்ச் சொற்களைக் கொடுத்தன என்பேன். தமிழ்நாட்டில் இருக்கிறவர்களுக்கு இது விளங்குமா என்று தெரியவில்லை. எங்கள் முன்னோர் 1860 முதல் கரும்புத் தோட்ட ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்கள். நூறு வருடத்தில் வீட்டுத் தமிழ் சுருங்கிவிட்டது. சமையலுக்கும் திட்டுவதற்கும் சாமி கும்பிடுவதற்கும் போதும், அதைத் தாண்டினால் ஆங்கிலம். கோயில் பாடசாலையில் வாத்தியார் அறம், பொருள் என்று சொல்லிக்கொடுத்தார். அதுவும் நல்லதுதான். ஆனால் "விமான நிலையம்" என்று ஒரு சொல் இருப்பதை நான் ஜெய்சங்கர் படத்தில்தான் முதலில் கேட்டேன். "ரகசியம்", "உளவாளி", "கைது", "எச்சரிக்கை", "சந்தேகம்". அதுவரை எனக்குத் தமிழ் என்பது ஆயாவின் மொழி, பழைய காலத்து மொழி. அதில் ஒருவன் கோட் சூட் போட்டுக்கொண்டு காரில் வந்து இறங்கி, டெலிபோனை எடுத்து உத்தரவு போட முடியும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. அந்த வாரம் முழுக்க வீட்டில் கண்டபடி "எச்சரிக்கை" என்று சொல்லிக்கொண்டே திரிந்தேன். அடுப்பில் பால் பொங்கினால்கூட எச்சரிக்கை.

1967-ல் இந்தியில் ஏஜென்ட் 116 வந்தார், 1968-ல் எம்.ஜி.ஆர். ரகசிய போலீஸ் 115 ஆனார். பிரெஞ்சுப் படங்களில் ஓஎஸ்எஸ் 117. எங்கள் தெருப் பையன்கள் அதற்கு மேலே எண்ணிக்கொண்டு போய் ஆளுக்கொரு எண் எடுத்துக்கொண்டார்கள். எனக்கு 119.

பிரெஞ்சு 117-ஐப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எல்லாரும் அவரை பாண்டின் நகல் என்று நினைக்கிறார்கள். ஆனால் ஜான் ப்ரூஸ் என்ற எழுத்தாளர் அந்த உளவாளியை வைத்து முதல் நாவலை வெளியிட்டது 1949-ல். முதல் ஜேம்ஸ் பாண்ட் நாவல் வந்தது 1953-ல். எண்ணோடு முதலில் வந்தவர் இவர்தான். 1964-ல் இவரை பாங்காக்குக்கு அனுப்பி ஒரு படம் எடுத்தார்கள். கதாநாயகன் கெர்வின் மேத்யூஸ், அதற்கு முன்னால் சிந்துபாத்தாக நடித்தவர். பல வருடம் கழித்து வீட்டில் ஒரு டிவிடியில் அந்தப் படத்தைப் போட்டபோது, எனக்கு இது ஏற்கெனவே தெரிந்த கதை என்று தோன்றிக்கொண்டே இருந்தது. "வல்லவன் ஒருவன்" அந்தப் படத்திலிருந்து வந்தது என்று அப்போதுதான் தெரிந்துகொண்டேன். பாரிஸில் யோசித்து, பாங்காக்கில் எடுத்து, சேலத்தில் திரும்பச் செய்து, டர்பனில் என் ஆயாவுக்குக் காட்டியிருக்கிறார்கள். நகல் என்று இதைத் தள்ளிவிட எனக்கு மனம் வராது. ஆயா பிரெஞ்சுப் படத்தை ஒருநாளும் பார்த்திருக்கமாட்டாள்.

நாங்கள் அப்போது, டவுனுக்கு வெளியே இந்தியர்களுக்கென்று ஒதுக்கிய சாட்ஸ்வொர்த்துக்கு வந்துவிட்டோம். அதற்கு முன் இருந்தது மேகசின் பராக்ஸ், நகராட்சி வேலைக்காரர்களின் குடியிருப்பு. அப்பா அங்கேயே பிறந்தவர். எந்த இனத்தவர் எங்கே குடியிருக்கலாம் என்று சட்டம் போட்டு எல்லாரையும் பெயர்த்தார்கள். டவுனுக்கு நடந்து போனவர்கள் இனிமேல் பஸ்ஸில் போக வேண்டும், கடைசி ஆட்டம் பார்த்தால் திரும்பி வர வழி தேட வேண்டும். மாமா எத்தனையோ ராத்திரி படப் பெட்டிக்குப் பக்கத்திலேயே படுத்துத் தூங்கியிருக்கிறார்.

ஒரு மாகாணத்திலிருந்து இன்னொரு மாகாணத்துக்குப் போக இந்தியர்களுக்கு அனுமதிச் சீட்டு வேண்டும். 1975 வரை அதுதான் நிலைமை. தில்லையாடி வள்ளியம்மை 1913-ல் எந்த எல்லையைத் தாண்டியதற்காகச் சிறைக்குப் போனாரோ, அதே எல்லை. ஜோஹன்னஸ்பர்க்கில் பெரியப்பா மகளுக்குக் கல்யாணம். அப்பா சீட்டுக்கு எழுதிப் போட்டு, இரண்டு தரம் நேரில் போய் வரிசையில் நின்று, கடைசியில் தாலி கட்டி நான்கு நாள் ஆன பிறகு அது கைக்கு வந்தது. அப்பா அந்தக் காகிதத்தை மடித்து அலமாரியில் வைத்தார், ஒன்றும் பேசவில்லை. அந்தச் சனிக்கிழமை நான் ஆபரேட்டர் ரூமில் உட்கார்ந்திருந்தேன். திரையில் எழுத்து வந்தது: லிஸ்பன். நாலு நிமிடம் கழித்து: இஸ்தான்புல். அப்புறம் பெய்ரூட். அந்த ஆள் ஒரு பெட்டியைத் திறந்தான், உள்ளே ஐந்து பாஸ்போர்ட். ஐந்திலும் அவன் படம், ஐந்திலும் வேறு வேறு பெயர். ஒன்றை எடுத்துக்கொண்டு மீதியை வைத்துவிட்டுப் போனான்.

துப்பாக்கியோ காரோ பெண்களோ அல்ல, அந்த ஐந்து பாஸ்போர்ட்தான் எனக்கு அந்தப் படங்கள். யாரையும் கேட்காமல் ஒருவன் எல்லை தாண்டுகிறான். செலவைக் குறைக்கத்தான் இஸ்தான்புல் என்று எழுத்துப் போட்டு ஒரு மசூதியைக் காட்டிவிட்டு ரோமில் ஸ்டுடியோவுக்குள் போய்விட்டார்கள் என்பது இப்போது தெரிகிறது. அந்த ஒரு மசூதி எனக்குப் போதுமானதாக இருந்தது. பள்ளிக்கூட அட்லஸில் அந்த ஊர்களையெல்லாம் பென்சிலால் வட்டம் போட்டேன். அந்த அட்லஸ் இன்றும் என்னிடம் இருக்கிறது.

நிஜமான உளவாளிகள் எங்கள் ஊரிலேயே இருந்தார்கள் என்பது பிறகுதான் புரிந்தது. 1962 ஆகஸ்ட் 5-ஆம் தேதி டர்பனிலிருந்து திரும்பும் வழியில் ஹோவிக் பக்கத்தில் ஒரு காரை நிறுத்தினார்கள். டிரைவர் வேஷத்தில் இருந்தவர் தன் பெயர் டேவிட் மோட்சமாயி என்றார். அவர் நெல்சன் மண்டேலா. அடுத்த வருடம் எங்கள் டர்பன்காரர், தொழிற்சங்கத் தலைவர் பில்லி நாயர் பிடிபட்டார். 20 வருடம் ராபன் தீவுச் சிறையில். கிரே தெருவில் டீ குடித்துக்கொண்டே பேச்சை ஒட்டுக் கேட்கிற ஆட்கள் இருந்தார்கள், பெரியவர்கள் அவர்களைப் பார்த்ததும் மழையைப் பற்றிப் பேச ஆரம்பிப்பார்கள். 1967-ல் கேப்டவுனிலேயே ஓர் உளவுப் படம் எடுத்தார்கள், "தி கேப்டவுன் அஃபேர்". கைப்பையிலிருந்து திருடின மைக்ரோஃபிலிம், அதைத் தேடும் கம்யூனிஸ்டுகள். கம்யூனிஸ்ட் என்ற அந்தப் பெயரைச் சொல்லித்தான் எங்கள் ஊரில் தொழிற்சங்கக்காரர்களையும் வாத்தியார்களையும் பிடித்துக்கொண்டு போனார்கள். அந்த ஒரு படத்தை மட்டும் என்னால் நேசிக்க முடியவில்லை. இத்தாலிக்காரர்களின் பீர் முதலாளி யாருக்கும் கெடுதல் செய்ததில்லை.

அதற்கு முன்பே ஹாரி ஆலன் டவர்ஸ் என்ற ஆங்கிலேயத் தயாரிப்பாளர் இங்கே வந்து மலிவாகப் பல படங்கள் எடுத்துப் போயிருந்தார். ஒன்று மொசாம்பிக்கில். இன்னொன்று 1964-ல் கேப்டவுனில் எடுத்த "கோட் 7, விக்டிம் 5". டார்ஜானாக நடித்த லெக்ஸ் பார்க்கர்தான் துப்பறிபவர். ஒளிப்பதிவு நிக்கலஸ் ரோக், பின்னால் பெரிய இயக்குநர் ஆனவர். அந்தப் படத்தை மாமா ஓட்டியிருக்கிறார். "நம்ம நாட்டுல எடுத்ததுடா. நாமதான் அங்க போனதில்ல" என்று அன்றைக்குச் சொன்னார். அந்த ஆட்டத்தில்தான், சண்டைக் காட்சியில் மனம் போய், வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை மாமா புள்ளியைத் தவறவிட்டார். திரை வெள்ளையாகிவிட்டது. கீழே விசிலும் காலைத் தட்டுகிற சத்தமும். மூன்று விநாடிகூட இருக்காது. அதை அவர் மறக்கவே இல்லை.

மாமாவுக்கு இப்போது 80 தாண்டிவிட்டது. கேட்பது குறைந்துவிட்டது, பார்வை பரவாயில்லை. போன மாதம் என் மகன் அந்தப் படத்தைத் தேடிப் பிடித்து டிவியில் போட்டான். பழைய பிரதியிலிருந்து எடுத்தது, கோடும் கீறலுமாக இருந்தது. மாமா நாற்காலியில் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். நான் கேப்டவுனைப் பார்த்துக்கொண்டிருந்தேன், அவர் மூலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். முதல் புள்ளி வந்தது. அவர் இடது கை நாற்காலிக் கைப்பிடியில் எதையோ தட்டியது. நான் மனசுக்குள் எண்ணினேன். இரண்டாவது புள்ளி வந்ததும் வலது கை காற்றில் ஒரு பிடியை இழுத்து இறக்கியது. படம் நிற்காமல் ஓடியது.

"மாத்திட்டேன்" என்றார்.